கால் தானாக வராது, பழக்கினால் வரும்

(சங்கத்தின் மாதர் பிரிவு நடத்திய சுகாதாரக் கூட்டத்தில், தோட்டப் பாடசாலை ஆசிரியையும் சங்க அமைப்பாளருமான தோழர் ஆற்றிய உரை)



பாரிசவாதம் வந்தவருடைய காலை மறுபடி எப்படி நடக்க வைப்பது என்று பேசத்தான் இன்றைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். சம்பளத்தைப் பற்றிப் பேச வேண்டிய சங்கத்தில் இது எதற்கு என்று பின்னால் நிற்கிற அண்ணன்மார் சிலர் கேட்பது எனக்கும் கேட்கிறது. அண்ணன்மாரே, நம்முடைய சம்பளம் காலில்தான் நிற்கிறது. மட்டமான நிலத்தில் நாற்காலியில் இருந்து செய்கிற தொழில் இல்லை இது. கூடையைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறி இறங்குகிற தொழில். ஒருவருக்குக் கால் இழுத்துக்கொண்டால் அவருடைய பேர் போகிறது. அவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வீட்டில் நின்றால் அந்தப் பேரும் போகிறது. பேர் இல்லாத வீட்டில் லயக் காம்பராவைப் பற்றியும் கேள்வி வந்துவிடும். அதனால் இது சங்கத்து விஷயம்தான்.

நான் வைத்தியர் இல்லை. சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பழக்குகிற டீச்சர். இங்கே சொல்லப்போவது வைத்தியர்களும் இயன்மருத்துவர்களும் சொல்லித் தருகிற விஷயங்கள். இயன்மருத்துவர் என்றால் நாம் 'பிசியோ' என்று சொல்கிறோமே, அவர்தான். உங்கள் வீட்டு நோயாளியைப் பார்த்த வைத்தியர் வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அவர் சொன்னதையே கேளுங்கள்.

முதலில் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். பாரிசவாதத்தில் கெட்டுப்போவது கால் இல்லை. எலும்பு அப்படியே இருக்கிறது, சதை அப்படியே இருக்கிறது. மூளைக்குப் போகிற இரத்தக் குழாய் அடைபட்டோ வெடித்தோ மூளையின் ஒரு பகுதி செத்துப்போகிறது. காலுக்குக் கட்டளை கொடுக்கிற இடம் அது. மூளையின் இடது பக்கம் அடிபட்டால் வலது கை கால் விழும், வலது பக்கம் அடிபட்டால் இடது கை கால் விழும். கரண்ட் கம்பி அறுந்தால் பல்பு எரியாது. பல்பை எவ்வளவு துடைத்தாலும் எரியாது. காலுக்கு எண்ணெய் போட்டுத் தேய்ப்பதும் அந்த மாதிரித்தான். மெதுவாகத் தேய்த்தால் நோயாளிக்குச் சுகமாக இருக்கும், அதில் தப்பில்லை. ஆனால் நடை அதனால் வராது. சூடான எண்ணெய், சுடுதண்ணீர் ஒத்தடம் வைக்கிறவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டும். உணர்ச்சி குறைந்த காலுக்குச் சூடு தெரியாது. தோல் வெந்த பிறகுதான் நமக்கே தெரியவரும்.

அப்படியென்றால் நடை எப்படி வருகிறது? செத்துப்போன பகுதி உயிர்த்து வருவதில்லை. உயிரோடு இருக்கிற பகுதிகள் அந்த வேலையைப் புதிதாகப் படித்துக்கொள்கின்றன. படித்துக்கொள்வது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும், அதுதான் என் தொழில். முதலாம் தரத்துப் பிள்ளை 'அ' எழுதப் பழகுகிறது. முதல் நாள் கோணல், பத்தாம் நாளும் கோணல். நூறு தரம், இருநூறு தரம் எழுதிய பிறகு ஒரு நாள் கை தானாகப் போகிறது. நான் பக்கத்தில் இருந்து எவ்வளவு அழகாக எழுதிக் காட்டினாலும் பிள்ளை எழுதாமல் பிள்ளைக்கு வராது. காலும் அப்படித்தான். நாம் பிடித்து ஆட்டி விடுவதைவிட, நோயாளி தானே முயற்சி செய்து அசைக்கிற ஒரு அசைவுக்குப் பலன் அதிகம். ஒரு தரம் செய்தால் போதாது, திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும்.

ஒரு உண்மைக் கதை சொல்கிறேன். பெட்ரோ பாக்-இ-ரீட்டா என்று ஒருவர். கற்றலோனிய மொழிக் கவிஞர், நியூயோர்க் சிட்டி கல்லூரியில் பேராசிரியர். 1950-களின் கடைசியில், அறுபது வயது தாண்டிய பிறகு, கடுமையான பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இனி ஒன்றும் செய்ய முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவருடைய மகன் ஜோர்ஜ் அப்போது மருத்துவ மாணவன். அப்பாவை நேராக நிறுத்தி நடக்க வைக்க அவன் பார்க்கவில்லை. கைக்குழந்தை எப்படிப் பழகுமோ அப்படித் தவழ்வதிலிருந்து தொடங்கினான். விழுந்த பக்கத்தைச் சுவரில் சாய்த்துக்கொண்டு அப்பா மாதக்கணக்கில் தவழ்ந்தார். பிறகு முழங்காலில், பிறகு நின்று, பிறகு நடந்து, கல்லூரியில் மறுபடி படிப்பிக்கவும் போனார். எழுபது வயதுக்கு மேல், கொலம்பியா நாட்டில் ஒரு மலையில் ஏறும்போது மாரடைப்பு வந்துதான் இறந்தார். அதற்குப் பிறகு மூளையைச் சோதித்துப் பார்த்தபோது, பாரிசவாதம் அழித்த இடம் பெரிதாக அழிந்தபடியே இருந்தது. அவ்வளவு அழிவோடுதான் அந்த மனிதர் மலை ஏறியிருக்கிறார். இன்னொரு மகன் போல் மூளை ஆராய்ச்சியாளர். மூளை புதிதாகப் படித்துக்கொள்ளும் என்பதை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் அவர் முக்கியமானவர்.

எல்லோருக்கும் இப்படி வந்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். மூளையில் எந்த இடம், எவ்வளவு அடிபட்டது என்பதைப் பொறுத்தது அது. சிலருக்குப் பழைய நடை வரும், சிலருக்குக் கம்போடு நடை வரும், சிலருக்குத் தானே எழுந்து கக்கூசுக்குப் போகிற அளவுக்கு வரும். அந்தக் கடைசியாகச் சொன்னதைச் சின்ன விஷயம் என்று நினைக்காதீர்கள். அது வந்துவிட்டால் வீட்டில் இன்னொருவர் வேலைக்குப் போகலாம்.

இங்கே நான் ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பத்தாம் தரத்துப் பிள்ளை. கெட்டிக்காரி. ஒரு மாதம் தொடர்ந்து வரவில்லை. லயத்துக்குப் போய்ப் பார்த்தேன். அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதுகூட இல்லை, பாரிசவாதம். பெரிய வைத்தியசாலையில் ஒன்பது நாள் வைத்திருந்து துண்டு வெட்டி அனுப்பிவிட்டார்கள். எக்சசைஸ் செய்யச் சொன்னார்களாம். எப்படி என்று கேட்டால் பிள்ளைக்கும் தெரியவில்லை, அப்பாவுக்கும் தெரியவில்லை. அங்கே சிங்களத்தில் சொல்லியிருக்கிறார்கள், இவர்கள் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். அம்மா கட்டிலிலேயே படுத்திருந்தார். குதிகால் மேலே இழுத்துக்கொண்டு பாதம் கீழ்நோக்கி விறைக்கத் தொடங்கியிருந்தது. வீட்டில் யாரும் அவரைக் கவனிக்காமல் விடவில்லை. சோறு ஊட்டினார்கள், துடைத்து விட்டார்கள், அசைய விடாமல் தாங்கினார்கள். பாசம் இருந்தது, பழக்கம் சொல்லிக் கொடுக்கத்தான் ஆள் இல்லை. அந்த வீட்டில் படிப்பை விட்டது யார்? மகன் இல்லை, மகள்.

ஆகவே வீட்டில் என்ன செய்யலாம் என்பதைச் சொல்கிறேன். கவனமாகக் கேளுங்கள், போனில் பதிகிறவர்கள் பதியுங்கள்.

முதல் நாட்களில் அவசரப்படக் கூடாது. 2015-ஆம் ஆண்டு 'லான்செட்' மருத்துவ இதழில் ஒரு பெரிய ஆய்வு வந்தது. 5 நாடுகளில் 2,104 நோயாளரை வைத்துச் செய்தது. பாரிசவாதம் வந்த 24 மணித்தியாலத்துக்குள் நோயாளியை எழுப்பி அதிகமாகப் பயிற்சி கொடுத்தவர்களுக்கு மூன்று மாதத்தில் பலன் கொஞ்சம் குறைவாகத்தான் இருந்தது. அதனால் எப்போது எழுப்புவது என்பதை வைத்தியர் சொல்லட்டும். எழுப்பலாம் என்று சொன்ன பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. ஒரேயடியாக ஒரு மணித்தியாலம் வதைப்பதைவிட, பத்துப் பத்து நிமிடமாக நாளுக்கு ஐந்தாறு தரம் நல்லது.

படுத்திருக்கும் காலத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் முதுகில் புண் வரும். விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது. தோள் மூட்டு தளர்ந்திருக்கும், இழுத்தால் இறங்கிவிடும், அந்த வலியே பிறகு நடைப் பழக்கத்தைக் கெடுக்கும். மல்லாந்து படுத்து இரண்டு முழங்காலையும் மடக்கி, பாதம் இரண்டும் கட்டிலில் ஊன்றி, இடுப்பை மேலே தூக்கச் சொல்லுங்கள். விழுந்த கால் சரியாமல் நீங்கள் முழங்காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடுப்புக்குப் பலம் வராமல் நடை வராது.

அடுத்தது உட்கார்ந்து எழும்புவது. என்னைக் கேட்டால் லயக் காம்பராவில் செய்யக்கூடிய மிகப் பெரிய மருந்து இதுதான். காசு வேண்டாம், கருவி வேண்டாம். ஆடாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். உயரம் குறைவென்றால் மேலே ஒரு பலகையோ மடித்த கம்பளியோ வையுங்கள், உயரமாக இருந்தால் எழும்புவது சுலபம். பாதம் இரண்டும் தரையில் முழுதாகப் பட வேண்டும். விழுந்த காலைக் கொஞ்சம் பின்னுக்கு வைக்க வேண்டும், அப்போதுதான் பாரம் அதிலும் இறங்கும். மூக்கு கால்விரலுக்கு மேலே வரும் வரை முன்னுக்குச் சாய்ந்து எழும்பச் சொல்லுங்கள். மெதுவாக உட்காரச் சொல்லுங்கள், பொத்தென்று விழக் கூடாது. ஐந்து தரத்தில் தொடங்குங்கள். முடிகிற அளவு பார்த்துக் கூட்டுங்கள். பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள், சுவரில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடச் சொல்லுங்கள். நேற்று எட்டு, இன்றைக்கு ஒன்பது என்று கண்ணால் காண்பது நோயாளிக்குப் பெரிய தைரியம்.

எழும்பி நிற்கத் தெரிந்ததும், சுவரையோ மேசையையோ பிடித்துக்கொண்டு பாரத்தை ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாற்றிப் பழக வேண்டும். நல்ல காலிலேயே நிற்கத்தான் மனம் போகும். விழுந்த காலுக்குப் பாரம் கொடுக்காவிட்டால் அது நிற்கப் படிக்காது. பாதத்தைத் தரையில் முழுதாக வைத்து நிற்பது குதிகால் இழுத்துக்கொள்வதையும் தடுக்க உதவும்.

நடக்கும்போது உதவி செய்கிறவர் எப்போதும் விழுந்த பக்கத்தில்தான் நிற்க வேண்டும். கையைப் பிடிக்காதீர்கள். கொழுந்தெடுக்கப் போகும்போது இடுப்பில் இறுக்கிக் கட்டுகிறோமே, அந்த மாதிரி ஒரு துணியை நோயாளியின் இடுப்பில் கட்டி, அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். கம்பு நல்ல கையில் இருக்க வேண்டும். பாதம் தொங்கித் தரையில் உரசினால் அதற்கென்று ஒரு பட்டை இருக்கிறது, கிளினிக்கில் கேளுங்கள். ரப்பர் செருப்பு வேண்டாம், வழுக்கும், கழன்று போகும். பின்பக்கம் பிடிப்புள்ள சப்பாத்துப் போடுங்கள்.

படிக்கட்டு நமக்குப் பெரிய விஷயம். நம்முடைய லயங்களில் இஸ்தோப்பிலிருந்து இறங்கப் படி, பீலிக்குப் போகப் படி, ரோட்டுக்கு ஏறப் படி. ஒரு சூத்திரம் சொல்கிறேன், மனப்பாடம் செய்யுங்கள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது விழுந்த கால் முதலில். ஏறுவதற்குத் தூக்குகிற பலம் வேண்டும், அது நல்ல காலிடம் இருக்கிறது. இறங்கும்போது மேல்படியில் நின்று உடம்பைத் தாங்க வேண்டும், அந்த வேலையும் நல்ல காலுக்கே.

சில நேரம் பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். கெண்டைக்கால் திடீரென வீங்கி வலித்தால், மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால், விழுந்து அடிபட்டால், மறுபடி வாய் கோணினால், பேச்சுக் குழறினால், கை விழுந்தால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். 1990 சுவசெரிய அம்பியுலன்ஸ் இலவசம். விடியட்டும், கொழுந்து லொறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அடைப்பைக் கரைக்கிற ஊசியை, ஸ்கேன் எடுத்துப் பார்த்து, நாலரை மணித்தியாலத்துக்குள்தான் போட முடியும். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான். ஒரு தரம் வந்தவருக்கு இன்னொரு தரம் வரலாம். பிரஷர் மாத்திரையை 'இப்போ நல்லா இருக்கு' என்று நிறுத்துவது பெரிய ஆபத்து. உப்பு, கருவாடு, பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடுகிற புகையிலை, சாராயம் எல்லாவற்றையும் யோசியுங்கள்.

முதல் மூன்று மாதத்தில்தான் முன்னேற்றம் வேகமாக இருக்கும். ஆறு மாதத்துக்குப் பிறகு வேகம் குறையும், ஆனால் கதவு மூடிவிடாது. ஒரு வருடம் கழித்தும் பயிற்சியால் நடை திருந்தியவர்கள் இருக்கிறார்கள்.

இனிச் சங்கத்துக்கு வருகிறேன். நான் சொன்ன எதற்கும் பெரிய காசு வேண்டாம். ஆனால் நேரம் வேண்டும், ஆள் வேண்டும். அன்றாடம் பேருக்குப் போகிற நம்மிடம் இல்லாதது அந்த இரண்டும்தான். அதனால் நான்கு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். ஊழியர் சேமலாப நிதியைப் பெண்ணுக்கு 50, ஆணுக்கு 55 வயதுக்கு முன்னால் எடுக்கிற வழிகளில் ஒன்று, நிரந்தரமாக, முழுமையாக வேலை செய்ய முடியாது என்ற வைத்தியச் சான்றிதழ். வீட்டில் கஷ்டம், கையில் காசு இல்லை, அதனால் இரண்டாம் மாதமே பேரை வெட்டிவிட்டு எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். இரண்டாம் மாதம் கால் படித்துக்கொண்டிருக்கிற மாதம். பேரை வெட்டிய பிறகு கால் வந்தால் வேலை திரும்ப வருமா? எந்தக் கடிதத்திலும் கைநாட்டு வைக்கும் முன் தோட்டத் தலைவரிடமும் மாவட்டக் காரியாலயத்திலும் காட்டுங்கள். கடைசியில் விலகத்தான் வேண்டுமென்றால், 5 வருடம் சேவை முடித்தவருக்கு 1983-ஆம் ஆண்டுச் சட்டப்படி சேவைக்காலப் பணமும் உண்டு, நம்பிக்கை நிதியும் உண்டு. ஒன்றையும் விடாமல் வாங்குவோம். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு மாற்றுத்திறனாளிக் கொடுப்பனவுக்கும் விண்ணப்பிப்போம்.

இரண்டாவது, நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது. கிளினிக் நாளுக்கு வாகனம். லயத்துப் படிகளுக்கு ஒரு கைப்பிடிக் கம்பி. நடக்கத் தொடங்கியவருக்குப் பிள்ளை மடுவத்திலோ நாற்று மேடையிலோ உட்கார்ந்து செய்கிற இலகு வேலை. இது தர்மம் கேட்பது இல்லை. இருபது வருடம் மலை ஏறிய காலுக்கு ஆறு மாதம் பொறுப்பது நியாயம்.

மூன்றாவது, வைத்தியசாலையில் கேட்க வேண்டியது. துண்டு வெட்டும் முன், பிசியோவிடம் வீட்டிலிருந்து ஒருவரைக் கூட்டிப்போய், செய்து காட்டச் சொல்லுங்கள். நீங்கள் செய்து காட்டுங்கள், சரியா என்று கேளுங்கள். போனில் வீடியோ எடுக்க அனுமதி கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி, தமிழில் விளக்கம் கேட்பது நம்முடைய உரிமை. நீண்ட புனர்வாழ்வு தேவைப்படுகிறவர்களுக்கு ராகமையிலும் திகனையிலும் அரசாங்கப் புனர்வாழ்வு வைத்தியசாலைகள் இருக்கின்றன. அங்கே அனுப்ப முடியுமா என்று வைத்தியரிடம் கேட்பதில் வெட்கமில்லை.

நான்காவது, நாம் நமக்குள் செய்ய வேண்டியது. அந்தப் பத்தாம் தரத்துப் பிள்ளை வீட்டில் மாதர் பிரிவு ஒரு முறை வைத்தது. பக்கத்து நான்கு வீடு. காலையில் ஒரு அம்மா, பத்து மணிக்குப் பென்ஷன் எடுத்த மாமா ஒருவர், பகலில் இன்னொரு வீட்டு மருமகள், பின்னேரம் அப்பா. ஒவ்வொருவரும் பத்து நிமிடம், உட்கார்ந்து எழும்புவது, நிற்பது, நடப்பது. பிள்ளை பாடசாலைக்கு வந்துவிட்டாள். அம்மாவுக்குக் கை இன்னும் வரவில்லை. குதிகாலைப் பிசியோ பட்டை போட்டுச் சரிபார்க்கிறார். ஐந்தாம் மாதம் கம்போடு லயக்கோடி வரை நடந்தார். இன்றைக்குத் தானே குளித்துக்கொள்கிறார். மலைக்குப் போவாரா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மகள் சாதாரண தரம் எழுதுவாள் என்பது தெரியும்.

இந்தத் தோட்டத்தில் எத்தனை வீட்டில் இப்படி ஆள் படுத்திருக்கிறார்கள் என்று வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒவ்வொரு கணக்கிலும் தலைவிமார் பார்த்து எழுதித் தாருங்கள். பேர், வயது, எந்தப் பக்கம் விழுந்தது, எத்தனை மாதம், யார் பார்த்துக்கொள்கிறார்கள், அவ்வளவு போதும். யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்ற இடத்தில் ஒரு பாடசாலைப் பிள்ளையின் பேர் இருந்தால் அதன் கீழே கோடு போடுங்கள். அந்த வீட்டுக்கு முதலில் போவோம்.